வார இதழ் சொன்ன 'நாம்': ஆனந்த விகடன் வரலாறு குறித்து ஒரு திறனாய்வு

தமிழில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உண்டு. 'நாங்கள்' என்று சொன்னால் கேட்பவர் அதில் அடங்கார். 'நாம்' என்று சொன்னால் கேட்பவரும் அடங்குவார். முன்னிலையாரையும் சேர்த்துக் கூறும் இப்பன்மையை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர் இலக்கண நூலார். நாம் வாழும் இந்நகரத்தின் மராத்தி மொழியிலும் இவ்வேறுபாடு காணப்படுகிறது. 'ஆம்ஹீ' என்பது கேட்பவரை விலக்கி நிற்கும். 'ஆபண்' என்பது அவரையும் அணைத்துக்கொள்ளும். ஆங்கிலத்திலும் இந்தியிலும் இவ்வசதி இல்லை.

ஒரு வார இதழின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆசிரியர்களின் பெயர்களையும் விற்பனைப் பெருக்கத்தையும் புகழ்பெற்ற தொடர்கதைகளையும் வரிசைப்படுத்துவர். அவ்வரிசை தேவையானதே. ஆயினும் அதனினும் முதன்மையான வினா ஒன்று உண்டு. வாரந்தோறும் வாசகரை நோக்கி 'நாம்' என்று பேசிய அவ்விதழ், அச்சொல்லுக்குள் யார் யாரைச் சேர்த்துக்கொண்டது? யாரை வெளியே நிறுத்தியது? பிறந்த மண்ணை விட்டு மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் குடியேறி வாழும் நமக்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. ஊரிலிருந்து நம்மைத் தேடிவந்த வார இதழே நம்மில் பல குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டின் முகமாக இருந்தது. அம்முகத்தில் நம் எல்லோருடைய சாயலும் இருந்ததா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விகடனுக்கு முன்

தமிழில் செய்தி வார இதழ் என்னும் வகை விகடனோடு தொடங்கியதன்று. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882ஆம் ஆண்டில் தொடங்கிய 'சுதேசமித்திரன்' முதலில் வார இதழாகவே வெளிவந்தது. பின்னர்தான் நாளிதழாயிற்று. 1906ஆம் ஆண்டில் தோன்றிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் அரசியல் கருத்தை அனல் தெறிக்க எழுதியதோடு, கேலிச்சித்திரத்தையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். எழுத்தறியாதவரும் பார்த்தவுடன் பொருள் கொள்ளும் சித்திரம், ஆட்சியாளரைச் சுடும் படைக்கலமாயிற்று. அடக்குமுறை நெருங்கவே 1908ஆம் ஆண்டில் அவ்விதழ் புதுச்சேரிக்கு இடம்பெயர நேர்ந்தது.

அதற்கு அடுத்த ஆண்டிலேயே, 1907ஆம் ஆண்டில், சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். பின்னர் 'தமிழன்' என்றே பெயர் சுருங்கிய அவ்விதழ் 1914ஆம் ஆண்டில் அவர் மறையும் வரை அவர் கையால் வெளிவந்தது. சாதியால் ஒதுக்கப்பட்டோரின் வரலாற்றையும் உரிமையையும் பேசிய அவ்விதழைக் கோலார் தங்கவயலிலும் இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் படித்தனர். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போன உழைப்பாளியையும் 'நாம்' என்னும் சொல்லுக்குள் சேர்த்துக்கொண்ட தமிழ் வார இதழ் இதுவே என்று சொன்னால் அது மிகையாகாது. தமிழ் இதழ்களைப் பற்றிப் பேசும் பல மேடைகளில் இவ்விதழின் பெயர் நெடுங்காலம் ஒலிக்கவேயில்லை என்பதையும் இங்கே நினைவுகூர்தல் தகும். நம் மும்பையிலும் 1920ஆம் ஆண்டில் டாக்டர் அம்பேத்கர் மராத்தியில் தொடங்கிய மாதம் இருமுறை இதழுக்கு 'மூக்நாயக்' என்று பெயர். ஊமையாக்கப்பட்டோரின் தலைவன் என்பது அதன் பொருள். இதழ் என்பது குரலற்றவர் குரல் பெறும் இடம் என்னும் எண்ணம் இரு மொழியிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் முளைத்திருப்பது கருதத்தக்கது.

1925ஆம் ஆண்டில் ஈரோட்டிலிருந்து பெரியாரின் 'குடி அரசு' வார இதழ் புறப்பட்டது. உலக அரங்கிலோ, 1923ஆம் ஆண்டில் நியூயார்க்கில் 'டைம்' இதழ் தோன்றி, நேரமில்லாத நகரவாசிக்கு ஒரு வாரத்துச் செய்திகளைச் சுருக்கித் தரும் புதிய முறையை வகுத்தது. ஆக, 1926ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பூதூர் வைத்தியநாதையர் 'ஆனந்த விகடன்' என்ற மாத இதழைத் தொடங்கியபோது, தமிழ் இதழ் உலகம் அரசியலாலும் சமயத்தாலும் சீர்திருத்தத்தாலும் நிரம்பியிருந்தது. சிரிப்புக்கு மட்டும் அதில் போதிய இடம் இல்லை.

வாசனும் கல்கியும்

நலிவுற்ற அவ்விதழை 1928ஆம் ஆண்டில் எஸ். எஸ். வாசன் விலைக்கு வாங்கினார். இதழின் பெயரிலுள்ள எழுத்தொன்றுக்கு இருபத்தைந்து ரூபாய் வீதம் எட்டெழுத்துக்கு இருநூறு ரூபாய் கொடுத்தார் என்பது இதழியல் வரலாற்றில் பலரும் எடுத்துரைக்கும் செய்தி. வாசன் திருத்துறைப்பூண்டியிலிருந்து சென்னைக்கு வந்தவர். விளம்பரத் தொழிலில் பழகியவர். வாசகர் எதை விரும்புவர் என்பதை வணிகக் கண்ணால் அறிந்தவர். குறுக்கெழுத்துப் போட்டி, நகைச்சுவைத் துணுக்கு, ஓவியர் மாலியின் கேலிச்சித்திரம் என்று அவர் வகுத்த பந்தி எல்லோர்க்கும் ஏதேனும் ஒன்றைப் பரிமாறியது. மாத இதழாக இருந்தது பின்னர் வார இதழாக வளர்ந்தது.

ரா. கிருஷ்ணமூர்த்தி என்னும் கல்கி இவ்விதழுக்கு வாய்த்தது தமிழ் உரைநடைக்கே ஒரு திருப்பம். திரு. வி. க.வின் 'நவசக்தி'யில் பயின்ற அவர் கை, விகடனில் சிரிக்கக் கற்றது. 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் அவர் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி, சங்கீதத்தைச் சபாவிலிருந்து நடுத்தர வீட்டின் கூடத்துக்குக் கொண்டுவந்தது. 'கள்வனின் காதலி' அவருடைய முதல் தொடர்கதை. 'தியாக பூமி'யோ திரைப்படமாக உருவாகும்போதே, அப்படத்தின் நிழற்படங்களோடு இதழில் தொடராக வெளிவந்தது. கே. சுப்பிரமணியம் இயக்கிய அப்படம் 1939ஆம் ஆண்டில் வெளியானது. பின்னர் ஆங்கில அரசு அதனைத் தடை செய்தது. செய்தி, கதை, நாட்டு விடுதலை, திரை ஆகிய நான்கையும் ஓர் இதழ் ஒரே நூலில் கோத்தது தமிழில் புதுமை.

இங்கே திறனாய்வாளர் கவனிக்கவேண்டியது கல்கியின் நடை. பண்டிதத் தமிழுக்கும் கொச்சைக்கும் இடைப்பட்டதொரு பேச்சு நடையை அவர் ஆக்கினார். வாசகரைப் பெயர் சொல்லி அழைக்காமலே பக்கத்தில் உட்காரவைத்துப் பேசும் நடை அது. அந்நடையில்தான் விகடனின் 'நாம்' பிறந்தது. கல்கி 1941ஆம் ஆண்டில் டி. சதாசிவத்துடன் சேர்ந்து தம் பெயரிலேயே வார இதழ் தொடங்கியபோது, அந்நடையையும் உடன் எடுத்துச் சென்றார். ஆயினும் விகடனில் அது நின்றுவிடவில்லை. பிற்காலத்து வார இதழ்கள் எல்லாவற்றுக்கும் அதுவே தாய்நடையாயிற்று.

அந்த 'நாம்' யார்?

கல்கிக்குப் பின் தேவன் என்னும் ஆர். மகாதேவன் 1957ஆம் ஆண்டில் மறையும் வரை விகடனுக்கு உயிரூட்டினார். 'துப்பறியும் சாம்பு', 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' முதலிய அவருடைய தொடர்களில் அலுவலகமும் வழக்குமன்றமும் கல்யாண வீடும் இரயில் பயணமும் உயிரோடு நடமாடின. கோபுலுவின் தூரிகை வசனமின்றியே சிரிக்கவைத்தது. சில்பி 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்னும் வரிசையில் கோயிற் சிற்பங்களைக் கோட்டோவியங்களாகத் தீட்டினார். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்னும் பெயரில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' நாகசுரத்தையும் சதங்கையையும் எழுத்தில் ஒலிக்கச் செய்தது.

இவை புலம்பெயர்ந்த குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டியிருந்தன என்பதை நாம் அறிவோம். 1932ஆம் ஆண்டில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாட்டுங்காவில் பள்ளி தொடங்கும் அளவுக்கு இங்கே தென்னாட்டுக் குடும்பங்கள் பெருகியிருந்தன. அலுவலகத்தில் ஆங்கிலம், கடையில் இந்தி, அக்கம்பக்கத்தில் மராத்தி, குஜராத்தி என்று வாழ்ந்த வீட்டில், எழுத்துத் தமிழ் நுழையும் வாயிலாக வார இதழ் இருந்தது. பள்ளியில் தமிழ் படிக்காத பிள்ளைகள் பலர் துணுக்குகளை எழுத்துக்கூட்டிப் படித்தே தமிழ் கற்றனர். தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தைத்து, அட்டை போட்டு, பேழையில் பாதுகாத்த தாய்மார்கள் தம்மையறியாமலே நூலகம் அமைத்தனர். சில்பியின் கோடுகளில் ஊர்க்கோயிலைக் கண்டு ஆறுதல் கொண்ட முதியோர் உண்டு. இந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது நன்றி மறத்தலாகும்.

ஆயினும் அளவுகோல் நேராக இருக்கவேண்டும். அக்காலத்து விகடன் கண்ட குடும்பம் காவிரிக் கரையிலிருந்து சென்னை மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் வந்து, அங்கிருந்து டில்லிக்கும் பம்பாய்க்கும் உத்தியோகம் பெற்றுப் போகும் குடும்பம். அதன் கவலைகள் பதவி உயர்வு, பெண்ணின் திருமணம், மாமியார், வாடகை வீடு. அதன் பேச்சும் ஒரு சாராரின் பேச்சே. அதே பம்பாய்க்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்து, சதுப்பு நிலத்தைத் தாமே மேடாக்கித் தாராவியில் குடியமர்ந்த தமிழர், அந்தப் பக்கங்களில் தம் பேச்சையோ தம் தொழிலையோ தம் தெருவையோ அரிதாகவே கண்டிருப்பர். அவர்கள் 1913ஆம் ஆண்டில் தமக்கென்று பிள்ளையார் கோயில் எழுப்பினர். 1924ஆம் ஆண்டில் அங்கே முதல் தமிழ்ப் பள்ளியும் ஏற்பட்டது. கோயிலும் பள்ளியும் கண்ட அம்மக்கள் கதையின் மாந்தராகத் தகுதி பெற அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் இடையே நடந்து கடக்கும் தொலைவுதான். ஆனால் விகடனின் 'நாம்' நெடுங்காலம் அத்தொலைவைக் கடக்கவில்லை. இக்குறையை ஆசிரியர்கள் மீது மட்டும் சுமத்துவதும் நேர்மையாகாது. அப்பக்கங்களில் தம்மையே கண்டு மகிழ்ந்த நம்மவரும், தாம் மட்டுமே தமிழர் என்பது போன்றதொரு மயக்கத்தில் சில காலம் இருந்தோம்.

மற்றொரு வார இதழ்

அம்மயக்கம் கலைந்தது மற்றொரு வார இதழால். மகாராஷ்டிர மாநிலம் பிறந்த 1960ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்டுத் திங்களில், பால் தாக்கரே தம் தம்பி ஸ்ரீகாந்துடன் சேர்ந்து 'மார்மிக்' என்னும் மராத்தி வார இதழைத் தொடங்கினார். அவர் 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' நாளிதழில் கேலிச்சித்திரக்காரராக இருந்தவர். மைசூரில் பிறந்த தமிழரான ஆர். கே. லட்சுமணும் அந்நாளிதழில் அவரோடு பணியாற்றியவரே. 'மார்மிக்'கும் விகடனைப் போலவே சிரிப்பையும் சித்திரத்தையும் முதலாகக் கொண்டது. நடுத்தரக் குடும்பத்தையே நோக்கியது. தன் வாசகரை நெருக்கமாக விளித்துப் பேசியது. வகையால் இரண்டும் ஒன்றே.

ஆனால் 1960களின் நடுவில் அவ்விதழ், நகரத்து நிறுவனங்களில் பதவி வகித்த தென்னிந்தியரின் பெயர்களைப் பட்டியலிட்டு வாரந்தோறும் வெளியிட்டது. படித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்று வாசகரைக் குத்திக்காட்டும் பொருளில் அப்பகுதிக்குத் தலைப்பு அமைந்தது. 1966ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சிவசேனை தோன்றிற்று. தென்னிந்தியர் நடத்திய உணவகங்கள் தாக்கப்பட்டன. தமிழ் எழுத்தைத் தாங்கிய பெயர்ப்பலகையை மாட்டவும் அஞ்சிய நாட்கள் அவை.

மராத்தி இளைஞருக்கு வேலை கிடைக்காத துயரம் மெய்யானது. அதனைச் சொல்ல ஓர் இதழ் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் இலக்கிய நோக்கில் பார்க்கும்போது, ஒரு மனிதனைக் கதைமாந்தனாகக் காட்டுவதற்கும் பெயர்ப்பட்டியலில் ஒரு வரியாகக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு அங்கே வெட்டவெளிச்சமாயிற்று. கதையில் வரும் மனிதனுக்கு மனைவி உண்டு, கடன் உண்டு, ஊர் நினைவு உண்டு. பட்டியலில் வருபவனுக்குப் பெயரும் பதவியும் மட்டுமே. 'ஆபண்' என்று சொல்லத்தக்க இடத்தில் 'ஆம்ஹீ' என்று சொல்வதற்கு ஒரு வார இதழே போதும் என்பதை இந்நகரம் கண்டது.

அப்பட்டியலில் மாட்டுங்காவின் அதிகாரிகள் இருந்தனர். தாராவியின் தோல் தொழிலாளர் இருந்திருக்க வழியில்லை. ஆயினும் தெருவில் எழுந்த 'மதராசி' என்னும் ஒரே சொல் இருவரையும் சுட்டியது. நம் இதழ்கள் சேர்த்துவைக்காத இரு சாராரையும் பிறர் பகை சேர்த்துவைத்தது. இது நாம் பெருமைப்படத்தக்க செய்தியன்று.

கதவு திறந்த விதம்

விகடனின் 'நாம்' விரியத் தொடங்கியது 1960களில் ஜெயகாந்தனால். கடலூரிலிருந்து வந்து சென்னையின் உழைக்கும் மக்களிடையே வாழ்ந்த அவர், சிற்றிதழ்களில் எழுதிப் பெயர் பெற்ற பின்னரே விகடனுக்குள் நுழைந்தார். சேரி வாழ்வைச் சொல்லும் 'உன்னைப் போல் ஒருவன்' விகடனில் வெளியாயிற்று. பின்னர் அவரே அதனைப் படமாக்கித் தேசிய விருதும் பெற்றார். 1966ஆம் ஆண்டில் வெளியான 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை வாசகரிடையே பெரும் வாக்குவாதத்தை எழுப்பியது. கெடுக்கப்பட்ட மகளைத் தாய் தண்ணீர் ஊற்றித் தூய்மைப்படுத்தி ஏற்றுக்கொள்ளும் அக்கதை, குடும்ப இதழ் என்னும் கோட்டைக்குள்ளிருந்தே அக்கோட்டையின் அறத்தைக் கேள்விக்குட்படுத்தியது. கண்டித்தவர்களும் அதே இதழைத் தொடர்ந்து வாங்கிப் படித்தனர் என்பதே விகடனின் வலிமை. உடன்படாதவனையும் 'நாம்' என்னும் சொல்லுக்குள் நிறுத்திவைக்க அவ்விதழால் முடிந்தது.

அடுத்த திருப்பம் 1983ஆம் ஆண்டு. வாசனின் மகன் எஸ். பாலசுப்பிரமணியன் 'ஜூனியர் விகட'னைத் தொடங்கினார். செய்தியைத் தேடிச் சென்று, ஆராய்ந்து, பெயரோடும் இடத்தோடும் எழுதும் புலனாய்வு இதழ் தமிழில் வேரூன்றியது அதனால்தான். அவர் வகுத்த மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தின் வழியே சிற்றூர்களிலிருந்தும் மாவட்டத் தலைநகர்களிலிருந்தும் கல்லூரி மாணவர் பலர் எழுத வந்தனர். செய்தி சென்னையிலிருந்து ஊருக்குப் போவது என்ற நிலை மாறி, ஊரிலிருந்து சென்னைக்கு வருவது என்றாயிற்று.

இவற்றினும் நாம் பெரிதாகக் கருதுவது ஒன்று உண்டு. அரசியலும் குற்றமும் நிறைந்த அதே 'ஜூனியர் விகட'னில் கி. ராஜநாராயணன் 'கரிசல் காட்டுக் கடுதாசி' எழுதினார். கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் அவருடைய ஊர். 1986ஆம் ஆண்டில் மாவட்டம் பிரியும் வரை அது திருநெல்வேலிச் சீமை. வட்டார வழக்குக்குச் சொல்லகராதி தொகுத்த அக்கை, புழுதியும் பசியும் கிண்டலும் கலந்த அப்பேச்சை எவ்விதத் திருத்தமும் செய்யாமல் அச்சேற்றியது. கடிதம் என்னும் வடிவத்தை அவர் தேர்ந்ததும் பொருத்தமே. ஊரைவிட்டுப் போனவனுக்கு ஊர் எழுதும் கடிதமாகவே அது நமக்குத் தோன்றுகிறது. தாராவிக்குக் குடிவந்தவருள் பெரும்பகுதியினரின் பேச்சு அந்தத் தென்சீமைப் பேச்சே. பேசினால் பிறர் சிரிப்பார்களோ என்று பொதுவிடத்தில் அடக்கிவைத்த சொற்கள், அச்சிட்ட பக்கத்தில் மதிப்போடு நின்றன. ஒரு மொழியின் நடுவழக்கு எது, கொச்சை எது என்று வகுத்த பழைய வேலி அங்கே சாய்ந்தது. பிற்காலத்தில் வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' ஆனந்த விகடனில் தேனிச் சீமையின் பேச்சோடு தொடராக வந்து, 2003ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அதனை எவரும் புதுமை என்று வியக்காத அளவுக்கு வழி பழகியிருந்தது.

துணிவும் அதன் எல்லையும்

1987ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் ஆனந்த விகடனின் அட்டையில் சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் கேலி செய்யும் சிரிப்புச் சித்திரம் ஒன்று வெளியாயிற்று. அவை உரிமையை மீறியதாகக் கூறிப் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழவே சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். அவர் அத்துடன் நிற்கவில்லை, நீதிமன்றம் சென்றார். 1994ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தண்டனை செல்லாது என்று கூறி, ஆயிரம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. தொகை சிறிது, அதன் பொருள் பெரிது. பாரதியின் 'இந்தியா' தொடங்கிவைத்த சித்திர மரபு எண்பதாண்டுக்குப் பின்னும் ஆட்சியாளரைச் சுட்டது என்பதற்கு அதுவே சான்று. 2025ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் ஒரு கேலிச்சித்திரத்தையொட்டி விகடனின் இணையதளம் முடக்கப்பட்டு, மறுமாதம் அச்சித்திரத்தை நீக்கும் நிபந்தனையோடு சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் திறக்கப்பட்டதை நோக்கும்போது, அவ்வழக்கு பழங்கதையாகிவிடவில்லை என்பது விளங்கும்.

துணிவைப் போற்றும் நாம் செய்தி இதழின் எல்லையையும் காணவேண்டும். செய்தி இதழின் கண் இயல்பாகவே நிகழ்ச்சியை நாடும். தீ, கலவரம், வழக்கு, தேர்தல் ஆகியவை நிகழும்போது அது ஓடிவரும். நிகழ்ச்சி முடிந்ததும் திரும்பிவிடும். அதற்கு வாரத்துக்கு ஒரு புதுமை வேண்டும். ஆனால் குழாயடியில் விடியற்காலைக் காத்திருப்பு, ஊருக்கு அனுப்பும் பணவிடைத்தாள், பத்தடி அறையில் மூன்று தலைமுறை, ஊர்த் திருவிழாவுக்கு விடுமுறை கிடைக்குமோ என்னும் ஏக்கம் ஆகியவற்றில் புதுமை இல்லை. ஆகவே செய்தியும் இல்லை. தமிழ்நாட்டு மக்கள் பலருக்குத் தாராவி அறிமுகமானது 1987ஆம் ஆண்டில் வந்த 'நாயகன்' திரைப்படத்தால். அதன் பின் 1992–93 கலவரச் செய்திகளால். அங்கே அன்றாடம் விடியும் பொழுதை அவர்கள் அறியார்.

அவ்வன்றாடத்தைச் சொன்னது செய்தி இதழன்று, நாவல். 1972ஆம் ஆண்டில் வேலை தேடிப் பம்பாய்க்கு வந்து ஏறத்தாழப் பதினேழாண்டுகள் இங்கே வாழ்ந்த நாஞ்சில் நாடன், இந்நகரத் தமிழனை நாவலுக்குள் கொண்டுவந்தார். 1986ஆம் ஆண்டில் வெளியான 'மிதவை' வேலைக்காக ஊர்விட்டு ஊர் அலையும் இளைஞனின் கதை. 1993ஆம் ஆண்டின் 'சதுரங்கக் குதிரை' மணமாகாமலே இந்நகரில் வயதேறிப்போகும் ஒருவனின் தனிமை. அவற்றில் பரபரப்பு ஏதும் இல்லை. அடுத்த வாரத்துக்கு வாசகரை இழுத்துச் செல்லும் முடிச்சும் இல்லை. வார இதழின் இலக்கணத்துக்கு அடங்காத அம்மெதுவான நடையே அவற்றின் சிறப்பு. பல்லாண்டுகளாக இந்நகரில் வாழும் அம்பையின் சிறுகதைகளில் வரும் மும்பையும் அத்தகையதே. அவருக்கு 2021ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தபோது நம் நகரமும் அதில் பங்கு கொண்டது. பின்னாளில் நாஞ்சில் நாடனே ஆனந்த விகடனில் 'தீதும் நன்றும்' என்னும் கட்டுரைத் தொடரை எழுதியது நிறைவளிக்கும் செய்தி. இதழ் காணத் தவறியதை நாவல் கண்டு சொல்ல, அந்நாவலாசிரியரை இதழ் பின்னர் அழைத்துக்கொண்டது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், ஆனந்த விகடனின் வரலாறு ஒரு சொல்லின் பொருள் விரிந்த வரலாறாகக் காணப்படுகிறது. கல்கி அச்சொல்லுக்கு இனிமை தந்தார். தேவனும் ஓவியர்களும் அதற்கு வீடு கட்டினர். ஜெயகாந்தன் அவ்வீட்டின் கதவைத் தட்டினார். 'ஜூனியர் விகடன்' அதனைத் திறந்தது. கி. ராஜநாராயணன் தம் ஊர்ப்பேச்சோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். இவ்விரிவு தானாக நிகழவில்லை. வெளியே நின்றவர்கள் எழுதினார்கள், உள்ளே இருந்தவர்கள் இடம் கொடுத்தார்கள். இரண்டும் கூடியபோதே அது நிகழ்ந்தது.

இன்று வார இதழின் நிலை வேறு. 'கல்கி' 2020ஆம் ஆண்டில் அச்சு வடிவத்தை நிறுத்திக்கொண்டது. கைப்பேசியில் செய்தி நிமிடந்தோறும் வருகிறது. வாரம் முழுவதும் காத்திருக்கும் பொறுமை எவருக்கும் இல்லை. அங்கே வரும் செய்தியிலும் 'நாம்', 'அவர்கள்' என்னும் பிரிவு முன்னினும் கூர்மையாகவே இருக்கிறது. பட்டியலிடும் பழக்கம் ஒழிந்தபாடில்லை. ஆதலால் இவ்வரலாற்றை நம் இளையோர் அறிவது பழம்பெருமை பேசுவதற்காக அன்று. தம்மைப் பற்றியும் பிறரைப் பற்றியும் எழுதப்படுவதை எவ்வாறு படிக்கவேண்டும் என்று கற்பதற்காக.

தமிழ்ச் சங்கங்கள் இது குறித்துச் செய்யத்தக்க பணிகள் இரண்டு உண்டு. மாட்டுங்கா, செம்பூர் வீடுகளில் பரண்மேல் கிடக்கும் பழைய இதழ்களும், தைத்து வைத்த தொடர்கதைத் தொகுதிகளும் பழைய தாள் கடைக்குப் போகுமுன் அவற்றைத் திரட்டிப் பாதுகாத்தல் ஒன்று. தாராவியின் முதியோர் தம் வாயால் சொல்லும் வரலாற்றை அவர்தம் பேச்சிலேயே எழுதி, இத்தகைய மலர்களில் வெளியிடுதல் மற்றொன்று. முன்னது நமக்குக் கிடைத்ததைக் காப்பது. பின்னது நம் இதழ்கள் கொடுக்கத் தவறியதைக் கொடுப்பது. இவற்றுள் பின்னதே முந்திச் செய்யவேண்டியது. அச்சிட்ட இதழ் பரணில் இன்னும் சில ஆண்டு கிடக்கும். எண்பது வயதைக் கடந்தவரின் நினைவு அவ்வாறு காத்திருக்காது. சங்கத்தின் மலரில் 'நாம்' என்று எழுதும் ஒவ்வொரு முறையும், அச்சொல் மாட்டுங்காவிலிருந்து தாராவி வரை செல்கிறதா என்று பார்த்து எழுதுவோமாக.